எந்தப் படத்துக்குப் போறது?

(குயிலாப்பாளையத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்றைக்குப் பேசப்போகிற விஷயத்தைக் கேட்டதும் ஒரு தோழர் சிரித்தார். பஞ்சமி நிலம் கிடக்குது, பிள்ளைகளுக்கு வரவேண்டிய உதவித்தொகை கிடக்குது, வன்கொடுமை வழக்குகள் கிடக்குது. இதையெல்லாம் விட்டுட்டு, வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு ராத்திரி எந்தப் படத்துக்குப் போறதுன்னு ஒரு கூட்டமா என்றார். ஆமாம், அதுக்குத்தான் கூட்டம். நம்ம ஜனங்கள் குடும்பம் மொத்தமும் நல்லதா உடுத்திக்கொண்டு புறப்படுகிற இடங்களை எண்ணிப் பாருங்க. கல்யாணம், திருவிழா, சாவு. இதை விட்டால் சினிமா. முதல் மூன்றுக்கும் யாராவது கூப்பிட வேண்டும், அல்லது முறை இருக்க வேண்டும். சினிமா ஒன்றுக்குத்தான் நாமாக முடிவெடுத்து, நம்ம காசைக் கொடுத்துப் போகிறோம். அந்த முடிவை உண்மையிலேயே நாம்தான் எடுக்கிறோமா என்பதுதான் இன்றைய பேச்சு.

மாணவர்கள் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் படித்திருப்பீர்கள். அதன் இரண்டாவது உட்பிரிவை மறுபடியும் எடுத்துப் படியுங்க. கிணறு, குளம், படித்துறை, சாலை என்று சொல்வதற்கு முன்னாடியே கடை, உணவு விடுதி, பொதுக் கேளிக்கை இடம் என்று சொல்லியிருக்கிறது. சாதியின் பேரால் எவனையும் அங்கே தடுக்கக் கூடாது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமும் (1976இல் இது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது) அப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. தண்ணீர் குடிக்கிற உரிமையும் கூத்துப் பார்க்கிற உரிமையும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள், சட்டம் எழுதினவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2023 மார்ச் 30. சென்னைக் கோயம்பேட்டுப் பக்கம் ரோகிணி தியேட்டர். 'பத்து தல' படம் வெளியான நாள். நரிக்குறவர் குடும்பம் ஒன்று பெண்களும் பிள்ளைகளுமாக வந்து நிற்கிறது, கையில் டிக்கெட்டோடு. டிக்கெட்டை நீட்டுகிறார்கள், வாசலில் நிற்கிற ஊழியர் உள்ளே விட மறுக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்துக் கேள்வி கேட்டு, ஊர் முழுக்கப் பரவிய பிறகுதான் கதவு திறந்தது. தியேட்டர்காரர்கள் அறிக்கை விட்டார்கள்: படம் யு/ஏ, பிள்ளைகளுக்கு 2, 6, 8, 10 வயசு, 12 வயசுக்குக் கீழே விடக் கூடாது, அதனால்தான் நிறுத்தினோம் என்று. பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஊழியர்கள் மீது வழக்குப் பதிவானது. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இந்த யு/ஏ கதையைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்க, நமக்கும் வாசலில் தேவைப்படும். 'ஏ' என்று சான்றிதழ் வாங்கிய படத்துக்குத்தான் 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களை விடக் கூடாது. யு/ஏ என்பது பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிற எச்சரிக்கை, அவ்வளவுதான். 2024இல் அதை 7, 13, 16 வயசு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அப்போதும் அது பெற்றோருக்குச் சொல்கிற யோசனைதான். தாய் கூட நிற்கும்போது பிள்ளையைத் தடுக்கிற அதிகாரம் வாசல்காரருக்கு இல்லை. அந்தக் குடும்பம் என்ன செய்தது? எந்தப் படம் என்று பேசி முடிவு பண்ணி, காசைச் சேர்த்து, டிக்கெட் எடுத்து, பிள்ளைகளுக்குத் தலைவாரிக் கூட்டிக்கொண்டு வந்தது. எல்லாருடைய வீட்டிலும் நடக்கிறதுதான் அங்கேயும் நடந்திருக்கும். நான் முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம், 'தேர்வு' என்று பேசும்போது வாசலை மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

வாசலுக்கு ஒரு வரலாறு இருக்குது. நம்ம தென்னாற்காட்டுக்காரனுக்கு ராத்திரி பூரா கண்விழிக்கிறது என்றால் சினிமாவுக்கு முன்னாடி தெருக்கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில் கூத்து ஊருக்கு நடுவில் நடக்கும். நம்ம பெருசுகள் அதை எங்கே நின்று பார்த்தார்கள் என்று இங்கே இருக்கிற ஆயாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்க, நான் சொல்ல வேண்டியதில்லை. 1905 வாக்கில் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். அதற்கப்புறம் டூரிங் டாக்கீஸ். அங்கே தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகை. தரை டிக்கெட் எடுத்தவன் மணலைக் குவித்து உயரம் பண்ணி உட்காருவான், பின்னால் இருக்கிறவன் அதைக் கலைப்பான், சண்டை வரும். எங்க தாத்தா சொல்வார், பண்ணைக்காரன் பிள்ளை காசில்லாமல் தரைக்கு வந்தால் எங்க பக்கத்துலதான்டா குந்தணும், அந்த ஒரு சொகத்துக்காகவே எத்தனை மோசமான படத்தை எல்லாம் பார்த்தேன் என்று. ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதிய நூலில் இதைத்தான் ஆய்வாகச் சொன்னார்: தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான்; எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு முடிவு செய்யவில்லை, டிக்கெட் விலை முடிவு செய்தது. அவர் பேராசிரியர், எங்க தாத்தா கூலிக்காரர். இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

கூரை ஒன்றாகிவிட்டது. திரையில் ஓடின கதை ஒன்றாகவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் டெக்கு ராத்திரிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 35 வயசுக்கு மேலே உள்ளவர்கள் சிரிக்கிறீர்கள், தம்பிகளுக்குத் தெரியாது.

80களின் கடைசியில், 90களின் தொடக்கத்தில், திண்டிவனத்துக்குப் போய் ஒரு கலர் டிவி, ஒரு டெக்கு, மூன்று கேசட் வாடகைக்கு எடுத்து வருவோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சில சமயம் கருமாதிக்குக்கூட. ஆடிமாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் கட்டாயம் உண்டு. வீட்டுக்கு 5 ரூபாய் வரி. காலனி நடுவில் பாய், சாக்கு, கிழிந்த புடவை விரித்து விடியவிடியப் பார்ப்பது. மூன்று கேசட் எது எது என்று முடிவு செய்வதற்கு இரண்டு நாளைக்கு முன்பே சண்டை தொடங்கிவிடும். பெரும்பாலும் முடிவு இப்படி வரும்: முதலில் ஒரு சாமி படம், பிள்ளைகள் தூங்குவதற்குள், அடுத்து எம்ஜிஆர், விடியற்காலையில் ரஜினியோ விஜயகாந்தோ, இளவட்டங்களுக்கு. எம்ஜிஆர் ஏன் நடுவில்? முழுக்க விழித்திருக்கிற நேரம் அது. 'படகோட்டி', 'விவசாயி', 'மாட்டுக்கார வேலன்', 'ரிக்‌ஷாக்காரன்' என்று படத்தின் பெயரிலேயே உழைக்கிறவன் இருந்தான். அதன் அரசியலை நாம் எவ்வளவு விமர்சித்தாலும், நம்ம பெண்கள் அந்த நாலு பெயரையும் மறக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, 5 ரூபாய் வரியைக் கொடுத்தது பெண்கள். ஆம்பளைகள் கொடுப்பதாகச் சொல்வார்கள். முந்தானை முடிச்சிலிருந்துதான் வரும். அதனால் கேசட் எடுக்கப் போகிற பையனைப் பெண்கள் நிறுத்திவைத்துக் கேட்பார்கள்: "எவனோ செத்துப்பூட்ட படம்லாம் எடுத்தாராத, தெரிதா? அழுவறதுக்கு ஊட்ல இல்லியா?" சினிமா விமர்சனத்தில் இதைவிடக் கறாரான வாக்கியத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. காசு போட்டவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து பேசி, ஒரு படத்துக்கு இன்னொரு படத்தை விட்டுக்கொடுத்து முடிவு எடுத்த காலம் அது. இன்றைக்கு மகனோ பேரனோ செல்போனில் நாலு சீட்டு அழுத்திவிட்டு, "கௌம்பு, படத்துக்குப் போறோம்" என்கிறான். என்ன படம் என்று அம்மாவுக்குத் தியேட்டருக்குள் போய் விளக்கணைந்த பிறகுதான் தெரியும்.

அந்த 90களில் திரையில் என்ன ஓடிற்று? 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்'. 1993இல் 'எஜமான்'. 1994இல் 'நாட்டாமை'. ஆலமரத்தடி, ஜமுக்காளம், சொம்பு, ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், ஊரே கைகட்டி நிற்கும். அவர் நல்லவர். அதுதான் கதையின் சூட்சுமம். அவர் கெட்டவராக இருந்தால் நமக்குக் கோபமாவது வரும். நல்லவராக இருப்பதால் நாமும் சேர்ந்து கும்பிட வேண்டியிருக்கிறது. காலனிகளிலும் விசில் பறந்தது. தம்பிகளுக்கு ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன், பெரிய கோட்பாடு ஒன்றும் வேண்டாம்: படத்தில் யார் உட்கார்ந்திருக்கிறான், யார் நிற்கிறான், யார் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கிறான் என்று மட்டும் பாருங்க. பாதிப் படம் அதிலேயே தெரிந்துவிடும்.

'தேவர் மகன்' படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கி பெரிய வீட்டுக்கு விசுவாசமான வேலைக்காரன். அந்த விசுவாசத்துக்குக் கையை இழக்கிறவன். 31 வருஷம் கழித்து, 2023 ஜூனில், மாரி செல்வராஜ் அதே வடிவேலுவை 'மாமன்னன்' ஆக்கினார். தனித்தொகுதி எம்எல்ஏ, ஆனால் கட்சிக்காரன் வீட்டில் நாற்காலியில் உட்கார முடியாதவர். உட்கார் என்று மகன் சொல்கிற இடம்தான் அந்தப் படத்தின் உயிர். பட விழா மேடையில் கமல்ஹாசனை எதிரில் வைத்துக்கொண்டே, 'தேவர் மகன்' இசக்கிக்கான பதில்தான் மாமன்னன் என்கிற பொருளில் மாரி பேசினார். நம்ம வானூரும் திண்டிவனமும் தனித்தொகுதிகள்தான். அந்த நாற்காலியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது நம்ம படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. 2012இல் 'அட்டகத்தி' தொடங்கி 'மெட்ராஸ்', 'காலா', 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்', 'வாழை' என்று. எனவே பிரச்சினை தீர்ந்தது, நம்ம படம் வந்தால் குடும்பத்தோடு போக வேண்டியதுதான் என்று தோழர்கள் சொல்கிறார்கள். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு.

ஒரு தோழர் 2018இல் தன் அப்பாவைப் 'பரியேறும் பெருமாள்' படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதையைச் சொல்லவில்லை, நம்ம படம்ப்பா, வா, என்றார். நாயகனின் அப்பாவை, பெண் வேஷம் கட்டி ஆடுகிற அந்தப் பெரியவரை, வேட்டியை உருவி ரோட்டில் ஓடஓட விரட்டுகிற காட்சி வந்தது. தோழர் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்றார். பஸ்சில் வரும்போது இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டாராம்: "இத எனக்கு எதுக்குடா காட்டுன? எனக்குத் தெரியாதா?"

அந்தப் படம் தமிழில் வந்த மிக முக்கியமான படங்களில் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டியவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துத் தலைகுனிய வேண்டும். ஆனால் அந்த அப்பா அன்றைக்குக் காசு கொடுத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மகனோடு பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாக மூன்று மணி நேரம் இருக்கலாம் என்று வந்தவர். இன்றைக்குத் திரையில் அடிவாங்கப் போவது யாருடைய உடம்பு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. தெரிந்து, சரி வர்றேன் என்றால் அது அவர் தேர்வு. தெரியாமல் கூட்டிக்கொண்டு போனால், நாம் அவரை இயக்க வகுப்புக்கு ஏமாற்றி இழுத்துப் போகிறோம் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 20. ஒரே நாளில் இரண்டு படம். ஒன்று 'நந்தன்', இரா. சரவணன் எடுத்தது. தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட ஊரில், ஆதிக்க சாதித் தலைவர் தன் பண்ணையில் கிடந்த விசுவாசியைத் தலைவர் பதவிக்கு நிறுத்தி, நாற்காலியைத் தான் வைத்துக்கொள்கிற கதை. இன்னொன்று 'லப்பர் பந்து', தமிழரசன் பச்சமுத்து எடுத்தது. ஊர் கிரிக்கெட், மாமனார் மருமகன் ரோஷம். எங்கள் வீட்டில் ஏழு பேர்: நான், என் துணைவியார், அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் இரண்டு, கூட ஒரு நண்பர். நண்பரும் கல்லூரியில் படிக்கிற அக்கா மகனும் 'நந்தன்' என்றார்கள். அதுதான் கடமை என்றார்கள். அம்மா சொன்னது: "நாளெல்லாம் குனிஞ்சி நாத்து நட்டுட்டு வரேன். ராத்திரி அங்கயும் போயி நம்மாள ஒதைக்கிறத பாக்கணுமா? கடமன்னா நீங்க போங்க."

கணக்குப் போட்டோம். டிக்கெட் 150 என்று வைத்தாலே ஏழு பேருக்கு 1050. அந்த வருஷம் 100 நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால். மூன்று நாள் கூலி டிக்கெட்டுக்கே போதாது. வேன் வாடகை, பிள்ளைகள் கேட்கிற பாப்கார்ன் எல்லாம் தனி. மூன்று நாள் முதுகொடிந்த காசை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்கிற உரிமை முதுகு யாருடையதோ அவர்களுக்குத்தான். 'லப்பர் பந்து' போனோம். 'நந்தன்' படத்தை அடுத்த வாரம் பகல் காட்சியில் தோழர்கள் நாலு பேர் போய்ப் பார்த்து, ரொம்ப நேரம் பேசினோம். அதற்கு அதுதான் சரியான இடம்.

'லப்பர் பந்து' பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாதியை விட்டுவிட்டு ஓடுகிற படம் இல்லை. திறமை இருந்தும் சாதியால் அணிக்குள் சேர்க்கப்படாத பையன் ஒருத்தன் அதில் இருக்கிறான். அந்தப் பையன் பந்தை விளாசும்போது எங்க அம்மா சீட்டில் குந்தமாட்டாமல் எழுந்துவிட்டார். கிரிக்கெட்டில் ஒன்றும் தெரியாது அவருக்கு. புருஷனின் விளையாட்டுப் பைத்தியம் தாங்காமல் டிராக்டரை ஓட்டிப்போய் ஆடுகளத்தையே உழுதுவிடுகிற பொண்டாட்டி வருகிற இடத்தில் எங்க அக்கா சிரித்த சிரிப்பை அவர் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. வரும் வழியில் வேனில் அம்மா சொன்னார்: "இதுலயும் அதாண்டா இருக்குது. ஆனா நம்ம ஆளு செயிக்கிறான் இல்ல?" நண்பர் பதில் பேசவில்லை.

சிரிப்புப் படம் என்றால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. எதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறான் என்று பார்க்க வேண்டும். எத்தனை வருஷமாகக் கறுப்பு நிறத்தைச் சொல்லிச் சிரிப்பு, குண்டு உடம்பைச் சொல்லிச் சிரிப்பு, கூட நிற்கிறவனை எட்டி உதைத்தால் சிரிப்பு. நம்ம பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போகிறது. அங்கே அதே வார்த்தையை அதன்மேல் வீசுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சண்டைக் காட்சியை விட இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். சான்றிதழ் கொடுக்கிற வாரியம் இதற்கு எந்த வயசும் போடுவதில்லை.

நம்மை அழவைக்காமல், அவமானப்படுத்தாமல், நம்ம வீடு மாதிரி வீட்டைக் காட்டுகிற படங்கள் இருக்கின்றன. 'அட்டகத்தி' அப்படித்தான்; காதலில் தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு பையன், அவ்வளவுதான், ஆனால் அந்தப் பையன் நம்ம பையன். 2024 ஜனவரியில் வந்த 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணத்துக் காலனிக் கிரிக்கெட். அதே வருஷம் மார்ச் 8 அன்று 'ஜெ.பேபி' வந்தது, வழிதவறிக் கல்கத்தா வரைக்கும் போய்விட்ட அம்மாவை, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மகன்கள் சேர்ந்து தேடிப் போய்க் கூட்டி வருகிறார்கள். ஊர்வசி நடித்தது. அம்மாவோடு போய்ப் பார்க்க அதைவிடப் பொருத்தமான படம் எது? எத்தனை பேர் தியேட்டரில் பார்த்தோம்? கையைத் தூக்குங்க. பாருங்க, நாலு கை. பெரிய கட்-அவுட் வைக்காத படத்தை யாரும் நமக்கு வந்து சொல்வதில்லை, நாமும் விசாரிப்பதில்லை. அம்பேத்கர் படம் என்ன ஆயிற்று? மம்முட்டி நடித்து, ஜாபர் படேல் எடுத்த படம், 2000இல் முடிந்தது. தமிழ் பேசித் தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வந்தது 2010 டிசம்பரில். பத்து வருஷம் அதைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பே நமக்கு இல்லை.

2021இல் இன்னொன்று நடந்தது. 'சார்பட்டா பரம்பரை' ஜூலையில், 'ஜெய்பீம்' நவம்பர் 2 அன்று, இரண்டுமே தியேட்டருக்கு வராமல் நேரே போனுக்கும் டிவிக்கும் வந்தன. 'ஜெய்பீம்' சொல்வது 1993இல் நம்ம பழைய தென்னாற்காட்டில், விருத்தாசலம் பக்கம் நடந்த கதை. வேன் வைத்து, லாரி வைத்துப் போயிருக்க வேண்டிய படங்கள் இவை. ஆளுக்கொரு மூலையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் பார்த்தோம். டெக்கு வைத்துப் பார்த்த ஜனம் இப்படி ஆகிவிட்டது என்று எனக்கு வருத்தம் உண்டு.

உங்க குயிலாப்பாளையத்துக்கு ஒரு விசேஷம் இருக்குது. நடந்தே போகிற தூரத்தில் ஆரோவில் நகர மண்டபத்தில் 'சினிமா பாரடைசோ' என்று ஒரு அரங்கு. ஈரான், கொரியா, பிரான்ஸ் என்று உலகப் படமெல்லாம் போடுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஆரோவில் முழுக்கத் தோட்டத்திலும் சமையலறையிலும் வேலை பார்க்கிறார்கள். அந்த அரங்கில் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? என்ன விதிமுறை, எந்தப் படத்துக்கு யாரை அனுமதிக்கிறார்கள், தமிழில் எழுத்துப் போடுகிறார்களா என்று மாணவர்கள் போய்க் கேட்டு வாருங்க. மரியாதையாகக் கேளுங்க, கூச்சப்படாமல் கேளுங்க.

கடைசியாகச் சில நடைமுறை விஷயம். படம் வந்த முதல் நாள் இளவட்டங்கள் யாராவது பார்த்துவிட்டு வந்து உள்ளதைச் சொல்லட்டும்: யாரை அடிக்கிறான், யாரைப் பார்த்துச் சிரிக்கிறான், பெண்ணை என்ன பண்ணுகிறான். முடிவைப் பெண்கள் எடுக்கட்டும். பாண்டிச்சேரிக்கு என்றால் மாலைக் காட்சிக்கே போங்க. ராத்திரிக் காட்சி விட்டு ஒரு மணிக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் தாண்டி வருவதற்கு வண்டி பேசி வைத்திருந்தால் மட்டும் போங்க. 'கர்ணன்' மாதிரிப் படம் பார்த்துவிட்டு வரும்போது தம்பிகள் ஊர்த்தெருவில் பைக்கை முறுக்க வேண்டாம். கூட ஆயா உட்கார்ந்திருக்கிறது, பிள்ளை தூங்குகிறது. வாசலில் யாராவது நிறுத்தினால் கத்த வேண்டாம், டிக்கெட்டையும் முகத்தையும் சேர்த்துப் படம் பிடியுங்க, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்க, எங்களுக்குப் போன் பண்ணுங்க.

வருகிற சனிக்கிழமைக்கு வேன் சொல்லியாயிற்று, 18 பேர் உட்காரலாம். இரண்டு படத்தின் பெயரும் கதைச் சுருக்கமும் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறது. படிக்கத் தெரியாத அக்காமார்களுக்குத் தம்பிகள் படித்துச் சொல்லுங்க, முடிவை மட்டும் சொல்லிக்கொடுக்காதீங்க. பெயர் கொடுக்கிறவர்கள் அந்த நோட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம்.